இலுப்பூர் அத்தை தொட்ட குஞ்சுகள்

கோழிக்குஞ்சு பொறுக்குற வேலையில ரெண்டே ரெண்டு கஷ்டந்தாங்க: ஒண்ணு, தூக்கம் தூக்கமா வரும், இன்னொண்ணு, வாங்க வர்றவங்க தூங்க விடமாட்டாங்க.

ஜவுளிக்கடையில சேலைய விரிச்சு விரிச்சு மடிக்கிறவங்க, மெடிக்கல்ல ஒரே மாத்திரைக்கு நாலு தடவை விளக்கம் சொல்றவங்க, செல்போன் கடையில கவர் மாட்டிக் கழட்டி மாட்டுறவங்க, நீங்க எல்லாரும் எனக்குக் கூடப்பொறந்தவங்க மாதிரி. கவுண்டருக்கு அங்கிட்டு நிக்கிறவங்களோட நாம படுற பாடு நமக்குத்தான் தெரியும். நான் ஆலங்குடிக்குப் பக்கத்துல ஒரு ஹேச்சரியில இருக்கேன். முட்டைய மெஷின்ல வச்சுக் குஞ்சு பொரிக்கிற எடம். பொரிச்சதுல எது தேறும், எது தேறாதுன்னு பிரிக்கிறது என் வேலை. வாங்க வர்றவங்களுக்கு எடுத்துக் குடுக்குறதும் நாந்தான். பேரு கவிதா. வயசக் கேக்காதீங்க.

குஞ்சு இருக்கிற அறைக்குள்ள வந்து பாருங்க, தெரியும். வெளிய முந்திரிக்காட்டுல வெயில் காயும், உள்ள வேற ஊரு. இதமான சூடு, மஞ்சளா வெளிச்சம். அத்தனை குஞ்சும் ஒரே நேரத்துல கீச்சு கீச்சுங்கும். கொஞ்ச நேரத்துல அது சத்தமாவே தெரியாது, ஓட்டு மேல மழை பேயுற மாதிரி ஆயிரும். பாதி நாள் நான் கனவுலதான் வேலை பாக்குறேன். கை பாட்டுக்கு எடுக்கும், பாக்கும், வைக்கும். மனசு எங்கிட்டாவது போயிட்டு வரும். யாராவது "ஏம்மா"ன்னு கூப்புடுற வரைக்கும் அப்படித்தான்.

மல்லாக்கப் போடுறது

குஞ்சு பாக்குறதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேணாம். கண்ணு முழிச்சுப் பளிச்சுன்னு இருக்கணும். தொப்புள் மூடிக் காஞ்சிருக்கணும். பின்பக்கம் ஈரமா ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. காலு கோணாம, வெரல் மடங்காம நிக்கணும். இத்தனையும் பாத்துட்டு கடைசியா உள்ளங்கையில மல்லாக்கப் போடுவேன். நல்ல குஞ்சு ஒரு ஒதறு ஒதறி எந்திரிச்சு, என்னை மொறைக்கும். தேறாதது காலை ஆட்டிக்கிட்டு அப்படியே கெடக்கும்.

ஒரு நாளு புதுக்கோட்டை டவுன்ல இருந்து ஒரு பெரியவர் ஸ்கூட்டர்ல வந்தாரு. கவர்மென்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவராம், பொழுது போகலையாம். நான் ஒண்ணு ஒண்ணா மல்லாக்கப் போடப்போட, அவரு மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாக்குறாரு. எந்திரிச்சா "அப்பாடா"ங்குறாரு. "எந்திரிக்காட்டி என்னம்மா பண்ணுவீங்க?"ன்னு கேட்டாரு. தனியா வச்சுப் பாப்போம், சாயந்தரத்துக்குள்ள தேறினா சேப்போம், இல்லாட்டி விக்க மாட்டோம்னேன். அவரு தேறாததத் தனியா வச்ச பெட்டிய எட்டிப் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு:

"எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு முறை இருந்திருந்தா, பாதிப்பேரு சாயந்தரம் வரைக்கும் படுத்தே கெடந்திருப்போம்மா."

சாதுவான குஞ்சு

திருமயத்துப் பக்கத்துல பெரிய பெரிய வீடுங்க இருக்குமே, அதுல ஒரு வீட்டுக்காரரு. புள்ளைங்க எல்லாம் வெளியூரு, வெளிநாடு. இவரும் சென்னையிலதான் இருந்திருக்காரு, இப்ப அந்த வீட்டுக்கே வந்துட்டாராம். கார்ல இருந்து எறங்கி, வேட்டிய மடிச்சுக்கூடக் கட்டாம, தரையில படாம ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டே உள்ள வந்தாரு. நேரா மூலைக்குப் போனாரு. அங்க கண்ண மூடி, எறக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு சிலது நிக்கும். நான் பிரிச்சு வச்சது. "இதுங்க ரொம்ப சாதுவா இருக்கும்மா, இதையே குடுத்துரு"ன்னாரு.

ஐயா, அது சாது இல்லைங்க, சீக்குன்னேன். மேல வந்து விழுந்து, கால மிதிச்சு, காது கிழியக் கத்துது பாருங்க, அதுதான் நல்ல குஞ்சு. அமைதியா நிக்கிறது நாளைக்கு இருக்காதுங்க. நான் சொல்லி முடிச்சதும் அவரு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏண்டா சொன்னோம்னு ஆயிருச்சு எனக்கு. மூலையில இருந்ததுல ஒண்ணைக் குனிஞ்சு தடவிக் குடுத்தாரு. குஞ்சுச் சத்தம் மழையாப் பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி, கத்துற கூட்டத்தக் காட்டுனாரு.

"அமைதிக்கு அந்த வீட்டுல கொறைச்சலே இல்ல. நீ நல்லாக் கத்துறதாவே பாத்து எடும்மா."

முட்டைக்கா, கறிக்கா

யாரு வந்தாலும் நான் கேக்குற மொதக் கேள்வி இதுதான். முட்டைக்குன்னா ஒரு மாதிரி பொறுக்கணும், கறிக்குன்னா ஒரு மாதிரி. பொரிச்சு ஒரு நாள் ஆன குஞ்சா இருந்தா, நாட்டுக்கோழியில சேவலா பெட்டையான்னு கண்ணால கண்டுபிடிக்கிறது செரமம். ஒரு மாசம் வளத்து, ஊசி போட்டும் விக்கிறோம். அதுல தெரிஞ்சிரும். கொண்டை செவக்க ஆரம்பிச்சு, காலு தடிச்சு, நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னா சேவல். கொண்டை சின்னதா, எறகு சீக்கிரம் மூடி, கொஞ்சம் தள்ளி நின்னா பெட்டை.

தைப்பொங்கல் முடிஞ்ச சமயம். ஒரு புருசன் பொண்டாட்டி, இடுப்புல ஒரு பொம்பளப்புள்ள. புள்ளைக்கு மூணு வயசு இருக்கும். பொண்டாட்டி பேரு மலர். வீட்டுக்குப் பின்னாடி தென்னந்தோப்புல ஒரு ஓரம் கம்பிவலை அடிச்சிருக்காங்களாம். ஒரு மாசக் குஞ்சுதான் வேணும்னா. அவ புருசன் செந்தில் கூண்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு உள்ளயே பாத்துக்கிட்டு நின்னாரு, வேடிக்கை பாக்க வந்த ஆளு மாதிரி. நான் வழக்கம்போலக் கேட்டேன், முட்டைக்கா, கறிக்கான்னு. மலர் ஒரு தடவை அவரைப் பாத்தா, என்னப் பாத்தா.

"முட்டையும் இல்ல கறியும் இல்லக்கா. இவரு ஊர்ல இருக்கறதுக்கு."

போனுக்குள்ள இருக்கிற அப்பா

எனக்குப் புரியல. டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுக் கேட்டேன். செந்திலு சவுதியில லாரி ஓட்டுறவரு. கல்யாணம் ஆன வருசமே போனவரு, புள்ள பொறந்ததப் போன்லதான் பாத்தாரு. இப்ப வேலை முடிஞ்சு வந்திருக்காரு. ஏஜென்ட்டு புது விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கான், ஆறு மாசத்துல வரும்னு சொல்லியிருக்கான். மலருக்கு அவரத் திரும்ப அனுப்ப மனசில்ல. அவருக்கும் போக மனசில்ல, ஆனா இங்க என்ன பண்றதுன்னு தெரியல. கடைசில ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்திருக்காங்க. விசா வர்றதுக்குள்ள கோழி வச்சு வீட்டுச் செலவு ஓடுச்சுன்னா அவரு போறதில்ல. ஓடலன்னா பெட்டி கட்டிருவாரு.

இதச் சொல்லும்போது புள்ள அம்மா தோள்ல மூஞ்சியப் புதைச்சுக்கிட்டே இருந்துச்சு. செந்தில் கைய நீட்டுனாரு. அது உள்ள உள்ள போச்சு. மலரு சமாளிக்கிறதுக்காகப் போன எடுத்து, அவரு சவுதியில லாரிகிட்ட நிக்கிற போட்டாவக் காட்டுனா. புள்ளை தலையத் தூக்கி "அப்பா"ன்னு சிரிச்சு, போனுக்கு ஒரு முத்தம் குடுத்துச்சு. எனக்கு எங்கிட்டுப் பாக்குறதுன்னே தெரியல. அவரு டீக் கிளாஸத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே சொன்னாரு:

"எம்மகளுக்கு அவங்கப்பா போனுக்குள்ள நல்லா இருக்காருக்கா. நாந்தான் வந்து இடைஞ்சலா நிக்கிறேன்."

கைராசி

அன்னைக்கு அவங்க குஞ்சு வாங்கல. நாளு பாத்து, இலுப்பூர் அத்தையக் கூட்டிட்டு வாரோம்னு போயிட்டாங்க. இலுப்பூர் அத்தைங்கறது செந்திலோட அப்பாகூடப் பொறந்தவங்க. சொந்தத்துல கடலை வெதைச்சா மொதக் கை அவங்க கை. புதுக் கடை தொறந்தா மொதப் போணி அவங்க. நகை எடுத்தா, மாடு வாங்குனா, பொண்ணு பாத்தா, அவங்க தொட்டுத்தான் ஆகணும். அப்படியொரு கைராசியாம். பாருங்க, பொடவைக் கடைக்காரங்களே, ஒங்களுக்கும் இப்படி ஒரு அத்தை வந்திருப்பாங்க. நாம தொண்டை வறள வறளச் சொன்னத எல்லாம் ஒரே கையசைப்புல காலி பண்ணிருவாங்க.

அத்தை வந்தாங்க. செருப்ப வெளிய விட்டுட்டு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரி வந்தாங்க. ஒரு மாசக் குஞ்சு நிக்கிற கொட்டகைக்குள்ள எறங்கி நின்னதும், நெஞ்ச நிமித்திக்கிட்டு நாலஞ்சு குஞ்சு முன்னால ஓடி வந்து அவங்களை அண்ணாந்து பாத்துச்சு. அதுங்களத் தூக்கிட்டாங்க. "அத்தை, இதெல்லாம் சேவலு. கொண்டையப் பாருங்க, செவந்து கெடக்கு. முட்டை வேணும்னா அங்கிட்டு ஓரமா நிக்குது பாருங்க, அத எடுங்க"ன்னேன். "ஓரமா நிக்கிறது நம்ம வீட்டுலயும் ஓரமாத்தான் நிக்கும். முன்னால வந்து முகத்தப் பாக்குதே, அதுதான் வாரேன்னு சொல்லுது"ன்னுட்டாங்க. நான் மலரப் பாத்தேன். எடுத்துச் சொல்லுன்னு கண்ணக் காட்டுனேன். அவ எங்காதுல வந்து, "எடுத்துக்கட்டும்க்கா. இவருக்கு என்னையக் கட்டி வச்சதே அந்தக் கைதான்"னு சொன்னா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

ஆனா நானும் விடல. அத்தை பொறுக்கிப் போடப்போட, ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்தேன். கண்ணுல தண்ணி வடிஞ்சது ஒண்ணு, பின்பக்கம் கழிச்சல் ஒட்டுனது ஒண்ணு, வெரல் மடங்குனது ஒண்ணு. எல்லாத்தையும் திருப்பி விட்டேன். அத்தை என் கையப் புடிச்சாங்க. நான் அவங்க கையப் புடிச்சேன். ஒரு குஞ்ச வச்சு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டுனோம். கெஞ்சிக் கூத்தாடி பெட்டையும் கொஞ்சம் பெட்டியில போட வச்சேன். போனாப் போகுதுன்னு விட்டாங்க. கடைசில எங்க ரெண்டு பேருக்கும் வேலையப் பிரிச்சு அவங்களே தீர்ப்பும் சொல்லிட்டாங்க:

"நீ சீக்கு இருக்கான்னு மட்டும் பாரு. ராசிய நான் பாத்துக்கிறேன்."

செந்திலோட சந்தேகங்கள்

அதுக்கப்புறம் செந்தில் போன் போட ஆரம்பிச்சாரு. மொதல்ல தினமும். "அக்கா, ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்குதுக்கா." அது தூங்குதுப்பா. "அக்கா, ஒண்ணு மண்ணுல விழுந்து பொரளுது, வலிப்பு மாதிரி இருக்கு." குளிக்குதுப்பா, மண்ணுலதான் குளிக்கும். "அக்கா, ஒண்ணு எறக்கைய விரிச்சு வெயில்ல செத்த மாதிரி கெடக்கு." குளிச்சுட்டுக் காயுதுப்பா. அவரு வெக்கப்பட்டுக்கிட்டே போன வைப்பாரு. மறுநாள் திரும்ப அடிப்பாரு. மெஷின் சத்தத்துல, அந்தச் சூட்டுல நின்னுக்கிட்டு அவரு பேசுறதக் கேட்டா, எங்க அறையில இருந்து ஒரு கதவு தொறந்து அந்தத் தென்னந்தோப்புக்குப் போற மாதிரி இருக்கும் எனக்கு. தென்னை ஓலை அசையுறதும், கீழ வெயில் புள்ளி புள்ளியா நகர்றதும், அதுக்குள்ள கோழிங்க சும்மா கெளறிக்கிட்டு திரியுறதும் நானே பாத்த மாதிரி தெரியும்.

ஒண்ணுகூடச் சாகலக்கான்னாரு. அதக் கேட்டு எனக்குப் பெருமைதான். இன்னொண்ணும் சொன்னாரு. அவரு தோப்புல பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்திருக்கும்போது, புள்ள கொஞ்சம் தள்ளி வந்து உக்காருதாம். அவரப் பாக்க இல்ல, கோழியப் பாக்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வருதாம். இவரு கூப்புடறதில்லையாம், கூப்ட்டா ஓடிருமோன்னு பயம். ஒரு நாளு மத்தியானம் போன்ல ஏதோ பாதித் தூக்கத்துல பேசுற மாதிரி பேசுனாரு:

"அங்க ஸ்டியரிங்குல கண்ண மூடுனா ஆளே இருக்க மாட்டேன்க்கா. இங்க இதுங்களப் பாத்துக்கிட்டே தூங்கிர்றேன், முழிச்சா எல்லாம் அங்கனயே இருக்கு."

வைகாசியில ஒரு காலை

பஸ்ஸுக்கு நிக்கிறேன், மலர்கிட்ட இருந்து போன். எடுத்தா பேச்சைக் காணோம். கொக்கரக்கோன்னு ஒரு கூவல். அது முடியுறதுக்குள்ள இன்னொண்ணு. அதுக்கப்புறம் பக்கத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. புதுசா கூவக் கத்துக்கிட்ட சேவலுக்குத் தொண்டை உடைஞ்சு வரும் பாருங்க, அப்படி ஆளுக்கொரு ராகத்துல. பஸ் வந்து நின்னுச்சு, நான் ஏறல. எத்தனை மலர்னு கேட்டேன். "இன்னும் முடியலக்கா, கேட்டுக்கிட்டே இருங்க"ன்னா. பெட்டியில போனதுல முக்காவாசி சேவல். நான் கெஞ்சிப் போட்ட பெட்டைங்க மட்டும் ஒரு ஓரமா நிக்குதாம், அதுவும் இன்னும் முட்டைக்கு வரல.

நான் சொன்னேன்லன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது. முட்டை வித்துத்தான் வீட்டை ஓட்டுறதுன்னு இருந்தவ அவ. சேவல்ங்க ஒண்ணையொண்ணு கொத்திக்கிட்டு, தீவனத்தத் தின்னுக்கிட்டு, விடிய விடியக் கூவிக்கிட்டு இருக்கு. கறிக்கடைக்காரங்க கேக்குற வெலை தீவனச் செலவுக்கே காணாதாம். அன்னைக்குப் பூரா நான் குஞ்ச மல்லாக்கப் போடவே இல்ல, கையே வரல. ஆனி மாசம் முடியுற நேரத்துல மறுபடியும் போன் வந்துச்சு. இந்தத் தடவை சேவல் சத்தம் இல்ல, வீட்டுக்குள்ள இருந்து பேசுனா.

"விசா வந்துருச்சுக்கா. இவரு பரண்ல இருந்து பெட்டிய எறக்கித் தொடைச்சுக்கிட்டு இருக்காரு."

ஆடி

பயணத்தத் தள்ளிப் போட்டது இலுப்பூர் அத்தைதான். ஆடியில வாசப்படி தாண்டி அவ்வளவு தூரம் போகக்கூடாது, ஆவணி பொறக்கட்டும்னு ஒரே போடாப் போட்டுட்டாங்க. ஏஜென்ட்டு கத்துனானாம். அத்தை போன வாங்கி, ஒனக்கு ஆத்தா அப்பன் இல்லையாப்பா, ஆடின்னா என்னன்னு தெரியாதான்னு கேட்டிருக்காங்க. அவன் சரிங்கம்மான்னு வச்சுட்டான். அவன் மேல எனக்குப் பாவமாப் போச்சு. அவனும் நம்ம ஆளுதான், கவுண்டருக்கு இந்தப் பக்கம்.

ஆடி பொறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், காத்து நல்லா அடிச்சுச்சு. கவுண்டர்ல உக்காந்து கண்ணச் சொருகிக்கிட்டு இருந்தேன். கனவுல கூட மலர் வீட்டுச் சேவல்தான் கூவுது. யாரோ மேசையத் தட்டுனாங்க. மஞ்சத்துணி கட்டுன ஒரு பெரியவரும் அவரு தம்பியும். கருப்பருக்கு நேந்துக்கிட்டோம், நல்ல நாட்டுச் சேவல் வேணும்மான்னாங்க. இங்க குஞ்சுதாங்க, வளந்த சேவல் கெடையாதுன்னு தெனம் நாலு பேருக்குச் சொல்லி அனுப்புற மாதிரியே சொன்னேன். அவங்க படியெறங்கிப் போறாங்க. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். காதுல அந்தக் கூவல் இன்னும் நிக்கல. அப்பத்தான் நெசமா முழிச்சேன். செருப்புக் கூடப் போடாம ரோட்டுக்கு ஓடி, "ஐயா, நில்லுங்க"ன்னு கத்துனேன்.

சாமிக்கு விடுற சேவலுக்கு ஊனம் இருக்கக்கூடாது. கண்ணு, காலு, வெரல், கொண்டை எல்லாம் சரியா இருக்கணும், சீக்கு ஆகாது. நான் அன்னைக்குக் கொட்டகையில மல்லுக்கட்டிப் பாத்தது எல்லாம் அதுதானே. மலர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிட்டு உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. சாயந்தரம் அந்தப் பெரியவர் திரும்பி இந்த வழியாத்தான் வந்தாரு. தம்பி கையில ஒண்ணு, இவரு கையில ஒண்ணு, வெயில்ல எறகு மின்னுது. என்னைப் பாத்து நின்னாரு.

"ஒண்ணு வாங்கத்தாம்மா போனோம். அதுங்க நின்ன நெலையப் பாத்ததும் சாமிக்கு ஒண்ணு போதாதுன்னு தோணிருச்சு."

ஆவணி

அதுக்கப்புறம் நேந்துக்கிட்டவங்க யாரு வந்தாலும் அங்கிட்டே அனுப்புனேன். போனவங்க சொல்லி இன்னும் நாலு பேரு போனாங்க. சாமிக்குன்னா யாரும் பேரம் பேசலையாம், கேட்ட காசு கெடைச்சுச்சாம். ஆடி முடியும்போது தோப்புல பெட்டைங்க மட்டுந்தான் நின்னுச்சு. அதுங்களும் முட்டை வைக்க ஆரம்பிச்சிருச்சு, ஆனா அத விக்கல, எல்லாம் புள்ளைக்குன்னு மலர் சொன்னா. விசா என்னாச்சுன்னு நான் கேக்கல. கேக்கப் பயமா இருந்துச்சு.

ஆவணி மொத வாரம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. மொதல்ல அத்தை எறங்குனாங்க. அடுத்து மலரு. அப்புறம் செந்திலு எறங்கி, குனிஞ்சு, மெதுவாப் புள்ளையத் தூக்கித் தோள்ல உக்கார வச்சாரு. அது அவரு தலைமுடிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் வழக்கத்த விடாமக் கேட்டேன், முட்டைக்கா, கறிக்கான்னு. "கறிக்குத்தான்க்கா. நல்ல சேவலாப் பாத்து எடுத்துக் குடுங்க. அடுத்த ஆடிக்கு இன்னும் பெரிசா கொட்டகை போட்டிருக்கேன். தீபாவளிக்கும் ஆள் கேட்டிருக்காங்க"ன்னாரு செந்தில். பெட்டி மறுபடி பரண்ல ஏறிருச்சாம். மலரு அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால கண்ணத் தொடைச்சா. நானும் கண்ணக் கசக்கிக்கிட்டு, குஞ்சுத் தூசிம்மான்னு சொல்லிச் சமாளிச்சேன்.

கொட்டகைக்குள்ள போனோம். குஞ்சுங்க காலச் சுத்திக்கிட்டு ஓடுச்சு. புள்ளை தோள்ல இருந்தே குனிஞ்சு பாத்து, ஒரு குஞ்சைக் கை காட்டி, "அப்பா, அது. அப்பா, அதோ அது"ன்னு அவரு முடியப் புடிச்சு இழுத்துச்சு. அவரு எடுக்கவே இல்ல, அப்படியே நின்னாரு. இன்னொரு தடவை கூப்புடட்டும்னு நிக்கிறாருன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. அது கூப்புட்டுச்சு. கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. சத்தத்தோட சத்தமா அந்தக் கூப்பாடும் மழை மாதிரி பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தை மட்டும் எதுலயும் கலங்காம, சேலைய இடுப்புல சொருகிக்கிட்டு, நெஞ்ச நிமித்தின குஞ்சாப் பாத்து ஒண்ணு ஒண்ணா என் கையில குடுத்தாங்க. நான் கண்ணப் பாத்தேன், காலப் பாத்தேன், பெட்டியில போட்டேன். முடிஞ்சதும் கையத் தட்டிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க.

"அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டிருந்தா, இந்நேரம் அவன் முட்டைய வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்திருப்பான்."

இந்தக் கதை ஊருக்குள்ள பரவுனதுல, இப்ப எங்க ஹேச்சரியில வெள்ளிக்கிழமைன்னா சீக்கு பாக்குறது நான், பக்கத்துல சேர் போட்டு உக்காந்து ராசி பாக்குறது இலுப்பூர் அத்தை, அதுல முதலாளி டீ வாங்கித் தர்றது அவங்களுக்கு மட்டுந்தான்.